இலவசமாக உடன்வரும் அறிக்கைக் கருவிகளும் வணிக நுண்ணறிவு மென்பொருள் சந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுத்தளத்தை வாங்கினாலே அறிக்கை தயாரிக்கும் கருவியும் தனிக் கட்டணமின்றி உடன் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, அதே வேலைக்காக, தரவை அறிக்கையாகவும் வரைபடமாகவும் ஆக்கித் தரும் ‘வணிக நுண்ணறிவு’ மென்பொருள் ஒன்றுக்குத் தனியாகப் பணம் கட்டுவானேன் என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. 2004-இல் மைக்ரோசாஃப்ட் தன் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்காக வெளியிட்ட ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற அறிக்கைக் கருவி தொடங்கி, அதன் இன்றைய பகுப்பாய்வுக் கருவியான பவர் பிஐ வரை நடந்தவற்றைக் கொண்டு, இந்தக் கேள்விக்கும் இதையொட்டி எழும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் தரப்படுகிறது.

‘உடன்வரும் கருவி’ என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு பெரிய மென்பொருளுக்கு உரிமம் வாங்கியவருக்கு, அந்த விலைக்குள்ளேயே அடங்கிக் கிடைக்கும் கருவியைச் சொல்கிறோம். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு உரிமம் வைத்திருப்பவர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் போன்ற, மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கருவிகளும், ஓர் ஆள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தரப்படும் தொடக்கநிலைப் பதிப்புகளும் வேறு வகையைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் விலைப்பட்டியலில் பூஜ்யம்தான் இருக்கும் என்றாலும், தருபவர் போடும் கணக்கு மூன்றிலும் வேறு வேறு. உடன்வரும் கருவியைத் தருபவருக்கு அந்தக் கருவியில் லாபம் வர வேண்டியதில்லை; அதைக் காட்டித் தரவுத்தளம் விற்றுவிட்டால் போதும். அறிக்கை மென்பொருளை மட்டுமே விற்று நிற்கும் நிறுவனத்துக்கு இந்த வசதி கிடையாது. இந்தச் சமமின்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருபவை எளிதில் விளங்கும்.

இந்தப் பழக்கம் ரிப்போர்ட்டிங் சர்வீசஸோடுதான் தொடங்கியதா?

இல்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கனடாவின் வான்கூவரில் உருவான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் பேசிக்கோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளில் விஷுவல் பேசிக்கில் கணக்கு மென்பொருள் எழுதிய எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். விலைச்சீட்டும் இருப்புப் பட்டியலும் அதன் வழியாகத்தான் அச்சுக்குப் போயின. அங்கே உடன்வந்தது மற்றொரு நிறுவனத்தின் சரக்கு. இலவசமாகப் பழகியவர் பிறகு முழுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்குவார் என்பது அந்த நிறுவனத்தின் எதிர்பார்ப்பு.

மைக்ரோசாஃப்ட் தன் சொந்தச் சரக்கையே தரவுத்தளத்துக்குள் வைக்கத் தொடங்கியது எஸ்க்யூஎல் சர்வர் 7.0-இல். இஸ்ரேலைச் சேர்ந்த பனோரமா நிறுவனத்திடமிருந்து 1996-இல் வாங்கிய தொழில்நுட்பம், தரவைப் பல கோணங்களில் பகுத்துப் பார்க்க உதவும் ஓலாப் சேவையாக அதில் இடம்பெற்றது. அதுவரை அத்தகைய பகுப்பாய்வுச் சர்வர் என்பது தனியாக, அதிக விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. அடுத்த படிதான் அறிக்கை. முதலில் 2005-ஆம் ஆண்டுப் பதிப்போடு வருவதாகத் திட்டமிடப்பட்டிருந்த ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், அதுவரை காத்திராமல் 2004 ஜனவரியிலேயே எஸ்க்யூஎல் சர்வர் 2000-க்கான கூடுதல் பகுதியாக வெளிவந்தது.

அதில் அப்படி என்ன இருந்தது?

அறிக்கையின் அமைப்பு முழுவதும் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவக் கோப்பாகச் சேமிக்கப்பட்டது. சர்வர் அந்தக் கோப்பைப் படித்து, தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்து, உலாவியில் காட்டும் பக்கமாகவோ பிடிஎஃபாகவோ எக்செல் தாளாகவோ மாற்றித் தந்தது. குறித்த நேரத்துக்கு அறிக்கையைத் தானாகவே மின்னஞ்சலில் அனுப்பவும் செய்தது.

இதன் அருமை ஒரு காட்சியில் புரியும். மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலாவதியாக இன்னும் 90 நாள்களே உள்ள மருந்துகளின் பட்டியலை, கிடங்கு வாரியாக, தினமும் காலை ஆறு மணிக்கு ஐந்து மேலாளர்களின் அஞ்சல் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் இரவுப் பணியில் இருக்கும் ஒருவர், தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் வினவலை ஓட்டி, விடையை எக்செல்லில் ஒட்டி, கிடங்கு வாரியாகப் பிரித்து, ஐந்து கோப்புகளாக இணைத்து அனுப்புவார். அவர் விடுப்பில் போனால் அன்று பட்டியல் இல்லை. அந்த வேலையை, ஏற்கெனவே பணம் கட்டிய தரவுத்தளமே கூடுதல் கட்டணமின்றிச் செய்து கொடுத்தது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். பல வரைபடங்களை ஒரே திரையில் காட்டும் அலங்காரமான டேஷ்போர்டை அல்ல.

உண்மையிலேயே இலவசம்தானா?

உரிமக் கட்டணத்தில், ஒரு வரம்பு வரை மட்டுமே. அந்த வரம்பைக் கவனிக்காமல் திட்டம் போட்டு, பிறகு செலவைக் கண்டு திகைத்தவர்கள் பலர் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, சர்வர். தரவுத்தளம் இருக்கும் அதே சர்வரில் அறிக்கைச் சேவையையும் நிறுவினால் கூடுதல் உரிமம் வேண்டாம். ஆனால் மாத முடிவில் நூறு பேர் ஒரே நேரத்தில் அறிக்கை கேட்கும்போது விற்பனைக் கவுன்ட்டரில் பில் போடுவது தடுமாறும். உடனே அறிக்கைச் சேவையை வேறொரு சர்வருக்கு மாற்றச் சொல்வார்கள். மாற்றிய மறுகணம், அந்தச் சர்வருக்கும் எஸ்க்யூஎல் சர்வர் உரிமம் முழுதாக வாங்க வேண்டும். அறிக்கைக் கருவிக்குத் தனி விலை இல்லை என்பதும், அதைத் தனி இடத்தில் வைத்தால் ஒரு தரவுத்தளத்தின் விலை என்பதும் ஒரே ஒப்பந்தத்தில் உள்ளவைதான்.

இரண்டாவது, பதிப்பு. மேலே சொன்ன மருந்து நிறுவனத்தில் ஐந்து மேலாளர்களுக்குப் பதில் ஐந்நூறு கிளைகள் இருந்து, யாருக்கு எந்தக் கிளையின் பட்டியல் போக வேண்டும் என்பதை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டுமானால், அதற்கான தரவுவழிச் சந்தா வசதி உயர்விலைப் பதிப்பான என்டர்பிரைஸில்தான் இருந்தது.

மூன்றாவது, ஆள். முதல் பதிப்பில் அறிக்கை வடிவமைக்க, நிரலாளர்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ தேவைப்பட்டது. கணக்காளரோ விற்பனை மேலாளரோ தானாக ஓர் அறிக்கையை உருவாக்கிக்கொள்ள வழியில்லை. அதற்கான ரிப்போர்ட் பில்டர், 2004-இல் ஆக்டிவ்வியூஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. நிரலாளர் செய்யும் வேலையிலும் நுணுக்கங்கள் உண்டு. அறிக்கை உடலின் அகலமும் இரு பக்க ஓரங்களும் சேர்ந்து தாளின் அகலத்தைக் கொஞ்சம் தாண்டினாலும், பிடிஎஃபில் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் வெறுமையாக வந்து நிற்கும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். அச்செடுத்தால்தான் 40 பக்கம் 80 ஆகியிருப்பது தெரியும். இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஆளின் சம்பளம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

தனியாக அறிக்கை மென்பொருள் விற்ற நிறுவனங்களுக்கு என்ன நேர்ந்தது?

ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வந்ததும் எல்லாரும் வீழ்ந்தார்கள் என்று கதை சொல்வது எளிது. காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அறிக்கை மென்பொருள் விற்ற பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனம், கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸின் நிறுவனமான கிரிஸ்டல் டிசிஷன்ஸை சுமார் 82 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது 2003 ஜூலையில். அதே தொழிலில் இருந்த ஹைப்பீரியன் அதே ஆண்டில் பிரியோவை வாங்கியது. மற்றொரு போட்டியாளரான காக்னோஸ் தன் அறிக்கைக் கருவியான ரிப்போர்ட்நெட்டை 2003 செப்டம்பரில் வெளியிட்டது. இவை எல்லாமே ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் விற்பனைக்கு வருமுன் நடந்தவை. வாடிக்கையாளர்கள் ஒரே நிறுவனத்திடம் எல்லாவற்றையும் வாங்க விரும்பியது, இணைய அலைக்குப் பின் மென்பொருள் செலவு சுருங்கியது என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தரவுத்தள நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்குள் இறங்குகின்றன என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடிமட்ட அறிக்கையை மட்டும் விற்று இனி வளர முடியாது என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்ததுதான் தீர்மானமானது. 2007 மார்ச்சில் ஆரக்கிள் ஹைப்பீரியனை 330 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அக்டோபரில் எஸ்ஏபி, பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை சுமார் 480 கோடி யூரோவுக்கு. நவம்பரில் ஐபிஎம், காக்னோஸை ஏறத்தாழ 500 கோடி டாலருக்கு. ஒன்பது மாதங்களுக்குள் சுதந்திரமான மூன்று பெரிய நிறுவனங்கள் தரவுத்தளமோ நிறுவன மென்பொருளோ விற்பவர்களின் கைக்குப் போய்விட்டன. மைக்ரோசாஃப்டுக்கு இருந்த ‘முழு அடுக்கும் ஒரே கடையில்’ (தரவுத்தளம் முதல் அறிக்கை வரை எல்லாம் ஒருவரிடமே) என்ற வசதி தங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் எண்ணியதன் விளைவு இது. உடன்வரும் கருவியால் நேர்ந்த பெரிய மாற்றம் விலைக் குறைப்பைவிட இதுதான்: அறிக்கை மென்பொருள், தனித்து நிற்கும் தொழில் என்ற நிலையிலிருந்து பெரிய அடுக்கின் ஒரு பகுதி என்ற நிலைக்கு வந்தது.

தனித்து நின்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி 2009-இல் தன் அறிக்கைத் தொகுப்பை 100 பயனர்கள் வரை இலவசமாகத் தந்தது. அடித்தட்டு அறிக்கைக்கு இனி விலை சொல்ல முடியாது என்பதை விற்பவரே ஒப்புக்கொண்ட தருணமாக அதைக் கொள்ளலாம்.

எல்லா வகை மென்பொருளும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டனவா?

இல்லை. விலைச்சீட்டு, இருப்புப் பட்டியல், மாதாந்திர விற்பனை அறிக்கை என்று வடிவம் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் அறிக்கைகளை விற்றவர்களுக்கே அடி அதிகம்; ஏனென்றால் அங்கே ‘போதுமான அளவு நன்றாக இருக்கிறது’ என்பதே வாங்குபவருக்குப் போதும். வரவுசெலவுத் திட்டமிடல், பல நிறுவனக் கணக்குகளை ஒருங்கிணைத்தல் போன்றவை துறை அறிவு தேவைப்படும் வேலைகள் என்பதால் அவை நெடுங்காலம் விலை இறங்காமல் நின்றன.

திறமூலக் கருவிகளும் இதே விளைவைத்தான் ஏற்படுத்தினவா?

ஓரளவுக்கு. 2001-இல் தொடங்கிய ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸும், ஆக்சுவேட் நிறுவனம் எக்லிப்ஸ் அமைப்போடு சேர்ந்து 2005-இல் முதல் பதிப்பை வெளியிட்ட பர்ட்டும் ஜாவா உலகத்துக்கு அதே வசதியைத் தந்தன. ஆக்சுவேட்டின் முடிவு கவனிக்கத்தக்கது: அறிக்கை மென்பொருளை விற்றே வளர்ந்த நிறுவனம், வடிவமைப்புக் கருவியைத் தானே இலவசமாக்கி, அதை இயக்கும் சர்வரை விற்க முயன்றது. பின்னர் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸின் நிறுவனமான ஜாஸ்பர்சாஃப்டை டிப்கோவும், ஆக்சுவேட்டை ஓப்பன்டெக்ஸ்டும், மற்றொரு திறமூல நிறுவனமான பென்டாஹோவை ஹிட்டாச்சியும் 2014, 2015 ஆண்டுகளில் வாங்கிக்கொண்டன.

பவர் பிஐ வந்தபோது என்ன மாறியது?

2004-இல் இலவசமானது நிரலாளர் எழுதும் அறிக்கை. 2015 ஜூலையில் பவர் பிஐ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, பயனரே தரவை இழுத்துப் போட்டு வரைபடமாக்கிப் பார்க்கும் வேலையும் அதே பாதைக்கு வந்தது. கணினியில் நிறுவும் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம். இணையத்தில் பகிர்வதற்கான ப்ரோ உரிமம் அப்போது ஆள் ஒருவருக்கு மாதம் 9.99 டாலர், ஆஃபீஸ் 365-இன் உயர்நிலைத் தொகுப்பான இ5 வாங்கியவருக்கு அதுவும் உள்ளடக்கம். அந்த வேலையில் பெயர்பெற்றிருந்த டாப்லோவின் தொழில்முறை டெஸ்க்டாப் பதிப்பு அப்போது 1,999 டாலர்.

2016 பிப்ரவரியில், எதிர்பார்ப்புக்குக் குறைவான வருவாய் முன்கணிப்பை வெளியிட்ட மறுநாள் டாப்லோவின் பங்கு விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அதற்கு பவர் பிஐ மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது; அந்தப் பங்கு அதற்கு முன் மிக உயரத்தில் இருந்தது. எனினும் அதன் பிறகு விலை வைக்கும் முறை மாறியது: 2017-இல் சந்தா முறை வந்தது, 2018-இல் உருவாக்குபவருக்கு மாதம் 70 டாலர், பார்ப்பவருக்கு 12 டாலர் என்று பிரித்து வைத்தார்கள். 2019 ஜூனில் சேல்ஸ்ஃபோர்ஸ் டாப்லோவை 1,570 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே மாதத்தில் கூகுள், லுக்கர் என்ற பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனத்தை 260 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2007-இல் நடந்தது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கும் நடந்தது.

இது மைக்ரோசாஃப்டின் வழி மட்டுமா?

இல்லை. கூகுள் தன் டேட்டா ஸ்டுடியோவை 2016-இல் இலவசமாக வெளியிட்டு, 2022-இல் லுக்கர் ஸ்டுடியோ என்று பெயர் மாற்றியது. சென்னையில் வேர்கொண்ட ஜோஹோ 2017-இல் அறிமுகப்படுத்திய ஜோஹோ ஒன் தொகுப்பிலும், கணக்கு, விற்பனை, பணியாளர் மென்பொருள்களோடு அதன் அறிக்கைக் கருவி சேர்ந்தே வருகிறது. அறிக்கைக்கு அடியில் இருக்கும் ஏதோ ஒன்றை விற்பவர் அனைவரும் இந்தப் பாதைக்கு வந்துவிட்டார்கள்.

போட்டிச் சட்டம் இதைத் தடுக்காதா?

பொருள்களைச் சேர்த்து விற்பது தன்னளவில் குற்றமில்லை. சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அப்படிச் செய்து போட்டியை நசுக்கினால்தான் கேள்வி எழும். விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்தது உள்ளிட்ட காரணங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆஃபீஸோடு டீம்ஸைச் சேர்த்த விவகாரம் 2025-இல் நிறுவனம் அளித்த உறுதிமொழிகளோடு முடிந்தது. தரவுத்தளச் சந்தையிலோ ஆரக்கிளும் ஐபிஎம்மும் உள்ளன என்பதால் ஆதிக்கத்தை நிறுவுவது கடினம்.

வாங்குபவருக்கு இதில் லாபமா, நட்டமா?

தொடக்கத்தில் ஐயமில்லாமல் லாபம். அறிக்கை மென்பொருளை நினைத்தும் பார்க்க முடியாத சிறு நிறுவனங்கள் ஒழுங்கான அறிக்கையைக் கண்டது இதனால்தான். அதைக் குறைத்து மதிப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நட்டம் வருவது பின்னால், எதுவரை இலவசம் என்ற எல்லையைத் தருபவரே நகர்த்தும்போது. பவர் பிஐயில் இலவசக் கணக்கிலிருந்தே டேஷ்போர்டைப் பகிர முடிந்த வசதி, 2017 ஜூனில் கட்டணப் பதிப்புக்கு மாறியது. பத்தாண்டுகள் 9.99 டாலராக நின்ற ப்ரோ உரிமம், 2025 ஏப்ரலில் 14 டாலராக உயர்ந்தது. அந்த நேரத்தில் வேறிடம் போகலாமா என்று யோசித்தால், அறிக்கைக் கோப்புகள் வழிமறிக்கின்றன. ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் கோப்பு வடிவம் வெளிப்படையாக விவரிக்கப்பட்டதுதான். எவரும் திறந்து படிக்கலாம். ஆனால் அந்தக் கோப்புக்குள், ‘நிகர விற்பனை என்றால் எந்தத் தள்ளுபடியைக் கழிப்பது, திரும்பி வந்த சரக்கை எந்த மாதத்தில் சேர்ப்பது’ என்ற நிறுவனத்தின் தீர்ப்புகள் வினவல்களாகவும் கணக்கீட்டுக் கோவைகளாகவும் பதிந்து கிடக்கின்றன. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். 800 அறிக்கைகள் உள்ள இடத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இது இன்னும் யாருக்காவது தேவையா என்று கேட்பதற்கே மாதங்கள் பிடிக்கும்.

ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

2022-ஆம் ஆண்டுப் பதிப்பே கடைசி. எஸ்க்யூஎல் சர்வர் 2025-இலிருந்து அதன் இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வருகிறது. பழைய அறிக்கைக் கோப்புகளை அதிலும் இயக்கலாம். 2022 பதிப்புக்கான ஆதரவு 2033 ஜனவரி வரை உண்டு. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் புதிய அறிக்கைகளை எங்கே எழுதுவது என்பதை இப்போதே முடிவுசெய்துகொள்வது நல்லது.

எங்கள் நிறுவனத்தில் உடன்வரும் கருவியே போதுமா என்று எப்படி முடிவெடுப்பது?

கடந்த ஓராண்டில் உண்மையில் திறக்கப்பட்ட அறிக்கைகளை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்குப் புதிய கருவி தேவையில்லை. எந்த அறிக்கையை யார், எப்போது ஓட்டினார், எவ்வளவு நேரம் பிடித்தது என்ற பதிவு அதன் உள்தரவுத்தளத்திலேயே சேர்கிறது. ஆனால் இயல்பாக 60 நாள்களுக்கு முந்தைய பதிவுகள் அழிக்கப்பட்டுவிடும் என்பதால், அந்தக் காலத்தை முதலில் நீட்டி வைக்க வேண்டும். அப்படி நீட்டாவிட்டால், ஆண்டு முடிவில் மட்டும் ஓடும் அறிக்கைகள் கணக்கில் வராமல் போகும்.

பிறகு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அறிக்கையைப் பெறுபவரின் மேசைக்கே போய்ப் பாருங்கள். பிடிஎஃபை அப்படியே படித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார் என்றால் உடன்வரும் கருவியே போதும். எக்செல்லுக்கு மாற்றி, மேலே உள்ள தலைப்பு வரிகளை அழித்து, இணைத்த கட்டங்களைப் பிரித்து, அதன்மேல் தன் கணக்கைப் போடுகிறார் என்றால், அவருக்கு வேண்டியது வேறு. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அதில் செலவாகிறது என்று குறித்துக்கொண்டு வந்த பிறகு, கட்டண மென்பொருளின் விலைப்பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.